பதினொரு தட்டுகள்

"வெளியில மழையாப்பா?" என்று மகள் ஒருநாள் காலையில் கேட்டாள். அவன் சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. மழை இல்லை. எப்படி நனைந்ததென்று அவனுக்கே தெரியவில்லை. மனைவி இறந்ததிலிருந்து சாப்பிட்டோமா, தூங்கினோமா என்பதே தெரியாமல்தான் நாட்கள் நகர்ந்தன.

பத்தாம் நாள் அவள் வேலை பார்த்த ஆய்வகத்திலிருந்து மேடம் போன் செய்தார். "அண்ணா, அவங்க ரூம் சாவி உங்ககிட்ட இருக்கு. என்சைம் வந்துடுச்சு. மனசு கேக்கல, ஆனா திறந்துதான் ஆகணும்."

சாவி சட்டைப் பையிலேயே கிடந்தது.

அந்த அறையில் அவள் ஐந்து மாத உழைப்பு இருந்தது. சர்க்கரைத் தண்ணீரில் பாக்டீரியாவை வளர்த்து, பாலாடைபோல் மேலே படிந்ததை எடுத்து, காரக் கரைசலில் கொதிக்கவைத்து, வெள்ளைவெளேரென்று கழுவிப் பதினொரு தட்டுகளில் வைத்திருந்தாள். என்சைம் அதைச் சர்க்கரையாக்கும்; சர்க்கரை எரிபொருளாகும். ஆனால் அந்தப் படலம் காயவே கூடாது. ஒருமுறை காய்ந்தால் இழைகள் இறுகிவிடும். பிறகு கடலையே கொண்டுவந்து ஊற்றினாலும் என்சைம் உள்ளே நுழையாது.

"மாமியார் இல்லாத குறைய இதுங்க தீர்க்குதுங்க. காலைல தண்ணி மாத்தலன்னா மூஞ்சியச் சுருக்கிக்குதுங்க" என்று சிரிப்பாள். லீவு நாட்களில் அவனும் துணைக்குப் போய்த் தண்ணீர் மாற்றியிருக்கிறான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகச் சொன்னதும் அதைத்தான். "தட்டுங்க காயாம பாத்துக்கோங்க." பன்னிரண்டு வருடத்தில் அவள் அவனிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். "சரி" என்றான். அன்று மாலையே அவள் போய்விட்டாள். அந்தச் "சரி" அவனுக்கு இன்று போன் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மேடம் கதவைத் திறந்து உள்ளே போனார். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். இந்த ஏசி காற்றில் எல்லாம் காய்ந்துபோக இரண்டு நாள் போதும்.

"அண்ணா, இங்க வந்து பாருங்க."

பதினொரு தட்டிலும் படலம் தெளிந்த தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. மேடம் ஒன்றை விரலால் தூக்கினார். வழுவழுவென்று மடங்கித் தொங்கியது. "யாரோ தினம் தண்ணி மாத்தியிருக்காங்க. அவங்க உழைப்பு பிழைச்சுது அண்ணா."

முகம் தெரியாத அந்த நல்ல மனத்துக்காக அவன் கண்ணை மூடி வேண்டிக்கொண்டான். பிறகு நேராகக் கட்டட வாசலுக்குப் போனான். வருகிறவர் போகிறவர் நேரத்தை நொடி பிசகாமல் எழுதிவைப்பதால் காவலாளிக்குக் 'கடிகாரம்' என்று பெயர்.

"பெரியவரே, இந்தப் பத்து நாளா காலைல அந்த ரூமுக்கு வந்தது யாரு? நான் அவங்களக் கையெடுத்துக் கும்பிடணும்."

கடிகாரம் பதிவேட்டைப் புரட்டவில்லை. அவன் தோளில் மெல்லக் கை வைத்தார்.

"நீங்கதானே தம்பி வந்தீங்க, தினமும் ஆறு மணிக்கு."