கேன் தண்ணீர்

“ஃபாதர், இந்தக் கேன் தண்ணியிலயே எம் பொண்ணுக்கு ஞானஸ்நானம் குடுத்துடுங்களேன்.”

லாரி ஓட்டும் கஸ்பார் மூன்றாவது முறையாகக் கெஞ்சினான். ஃபாதர் சிரித்தார்.

“நம்ம கோயில் வழக்கம் தெரியாதா? அப்பாதான் கிணத்துல எறைச்சுக் குடுக்கணும். மாமல்லபுரம் கடலுக்கு இவ்ளோ பக்கத்துல உப்புக் கரிக்காத தண்ணி. ஆண்டவர் நமக்குக் குடுத்தது.”

“பச்சப் புள்ள ஃபாதர்... ஒடம்புக்கு ஒத்துக்குமா?”

“இன்னாய்யா, ஊரே பாத்துகினு கீது. பேஜாரு பண்ணாம போய் எறை!” என்றாள் குழந்தையை ஏந்தி நின்ற அவன் மனைவி பெனிட்டா.

கஸ்பார் வாளியைக் கிணற்றில் இறக்கினான். தண்ணீரைக் கொண்டுவந்து ஞானஸ்நானத் தொட்டியில் ஊற்றுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஃபாதர் சடங்கைத் தொடங்கினார். “பாவத்தை விட்டுவிடுகிறீர்களா?”

“விட்டுவிடுகிறேன்” என்றாள் பெனிட்டா. கஸ்பார் தொட்டித் தண்ணீரைக் குனிந்து முகர்ந்து பார்த்தான்.

ஃபாதர் தண்ணீரை மொண்டு குழந்தையின் நெற்றிக்கு மேலே சரிக்கப் போனார். கஸ்பார் பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டான்.

“ஊத்தாதீங்க ஃபாதர்! கோயிலுக்குப் பின்னால கீற பள்ளத்துலதான் கம்பெனி ஆசிட் கழிவைக் கொண்ணாந்து கொட்டிகினு கீறேன். ஆறு மாசமா... கிணத்துல எறங்கியிருக்கும்!”

பெனிட்டா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு அவனையே பார்த்தாள்.

“போன மாசம் எங்கக்கா புள்ளைக்கும் இதே தண்ணியதானேய்யா ஊத்துனாங்க? பக்கத்துல நின்னு ‘விட்டுவிடுகிறேன்’னு சத்தமா சொன்ன ஞானத்தகப்பன் நீதானே?”