தமிழ் மட்டுமே ஏறும் காது

"எண்ணெயை வித்துத் துன்னுட்டான் திருட்டுப் பய! இவனை நம்பி வண்டியைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

செங்கல்வராயன் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கொல்லையில் வேலை செய்தவர்கள்கூட வரப்பில் வந்து நின்றுவிட்டார்கள். டிராக்டர் டிரைவர் முனிசாமி தலையைக் குனிந்துகொண்டான். கூட்டத்தில் அவன் பெண்டாட்டி கமலம்மா கஞ்சித் தூக்கோடு நின்றிருந்தாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மழை பெய்து இரண்டு நாள். ஈரம் காய்வதற்குள் உழுது வேர்க்கடலை போட்டாக வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பழைய டிராக்டர் மக்கர் பண்ணியது. என்ஜின் ஓடுகிறது. பின்னால் மாட்டிய கலப்பையை மட்டும் தூக்கமாட்டேன் என்கிறது.

"லிப்டுக்கு எண்ணெ கொறையுது எசமான்" என்று காலையில் குச்சி விட்டுப் பார்த்துச் சொன்னவனே முனிசாமிதான். சொன்ன வாய்க்குக் கிடைத்த மரியாதை இது.

"எங்கியாவது ஒழுகிப் போயிருக்கும் எசமான்..."

"ஒழுகிச்சா, நீ உருவினியான்னு மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும். ஒழுகலைன்னா நீ இன்னையோட கெளம்பு. அப்புறம் சத்தியவேடு சுத்துவட்டாரத்துல எவன் உன்னை ஸ்டீயரிங்கைத் தொட விடறான்னு பார்க்கறேன்!"

நேற்றே சொல்லி அனுப்பியிருந்த மெக்கானிக் நாகையா காளாஸ்தியிலிருந்து காலை பஸ்ஸில் வந்திறங்கினார். வாயைத் திறந்தால் தெலுங்கு.

அங்கேதான் சிக்கல். சத்தியவேட்டை ஆந்திராவில் சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதிலிருந்து செங்கல்வராயன்தான் ஊரில் எல்லைக் கமிட்டித் தலைவர். போன வாரம் இருபது தீவட்டியோடு ஊர்வலம் போனார். "தீவட்டி எண்ணெய் முழுக்க ஐயா உபயம்" என்று மைக்கில் சொல்லி மாலை போட்டார்கள். மாலையோடு மாலையாக அவரும் ஒரு சபதம் போட்டுவிட்டார்: "இனிமே என் காதுல தமிழ் மட்டும்தான் ஏறும்!"

இருபது வருஷமாகக் காளாஸ்திச் சந்தையில் அவர் தெலுங்கில் பேரம் பேசியது வேறு கணக்கு.

நாகையா வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, மூட்டு மூட்டாக விரலால் தடவிப் பார்த்தார். அடியில் இருந்த பெரிய போல்ட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். வெளியே வந்து, முனிசாமியின் ஸ்பானர் பெட்டியையும் ஒருதரம் பார்த்தார். பிறகு தெலுங்கில் ஏதோ சொன்னார்.

"இன்னாடா சொல்றான்?"

மொழிபெயர்க்க வேண்டியவன் முனிசாமி. தன் சீட்டைத் தானே கிழிக்க வேண்டியதாகிவிட்டது.

"ஒழுகலையாம் எசமான். எண்ணெதான் இல்லையாம்."

"பார்த்தீங்களாடா!" செங்கல்வராயன் வரப்பைப் பார்த்துக் கைதட்டினார். "புது டின்னை இங்க குடு. நானே ஊத்தறேன். உன் கையில குடுத்தா இதையும் வித்துடுவே."

நாகையா கலப்பைப் பக்கம் குனிந்து உட்கார்ந்துகொண்டார். செங்கல்வராயன் டின்னைச் சாய்த்தார். சாய்த்தபடியே ஊருக்கும் பேசினார்.

"போன மாசம் ரொப்பினது. அதுக்கப்பறம் நான் இந்த வண்டியைத் தொட்டதுகூட இல்ல."

"பொய்யி" என்றார் நாகையா, தலையைத் தூக்காமல்.

டின் நின்றது. வரப்பில் யாரோ கிளுக்கென்றார்கள்.

"இன்னாது? முனிசாமியைத் தவிர இதுல வேற யார் கைவெக்க முடியும்?"

"பொய்யி, பொய்யி!"

செங்கல்வராயனுக்கு வேர்த்துவிட்டது. "கங்கம்மா சத்தியமா சொல்றேன், எனக்கு ஒண்ணும்..."

"பொய்யி!" இந்தத் தடவை நாகையா குரலை உயர்த்தினார்.

"ஆமாய்யா! நான்தான் எடுத்தேன்!" செங்கல்வராயன் டின்னைக் கீழே வைத்துவிட்டார். "தீவட்டிக்குக் கிருஷ்ணாயில் பத்தல. பின்னாடி சும்மா கெடக்கிற எண்ணெதானேன்னு அரை டின்னு எறக்கினேன். அதுக்கு ஊரைக் கூட்டி வெச்சுகினு பொய்யி பொய்யின்னு மானத்தை வாங்குவியா?"



முனிசாமிதான் மெல்லச் சொன்னான். "எசமான்... அது தெலுங்கு. 'ஊத்து'ன்னு சொல்லிகினு இருந்தாரு."

முதலில் சிரித்தது கமலம்மா. அப்புறம் சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. செங்கல்வராயனுக்குக் கமிட்டி வேலை திடீரென்று ஞாபகம் வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மிச்ச எண்ணெயை முனிசாமியே ஊற்றினான். என்ஜினைப் போட்டு லீவரைத் தள்ளியதும் கலப்பை சமர்த்தாக மேலே வந்தது.

கொல்லையை உழுது முடித்த கையோடு, நாகையாவின் பெட்டியைச் சுமந்துகொண்டு முனிசாமி பஸ் ஏற்றப் போனான். அவனுக்கு ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. தனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டான்.

"அண்ணா, பெரியவங்ககிட்ட 'ஊத்துங்க'ன்றதுக்குப் 'போயண்டி'ன்னு மரியாதையாத்தானே சொல்லணும்? எசமானைப் போயி 'பொய்யி'ன்னுட்டீங்களே?"

"தெலுங்குல இன்னாத்துக்குப்பா கஷ்டப்படறே? நான் திருத்தணியில பொறந்தவன், தெலுங்கு காளாஸ்திப் பொழப்புக்குத்தான்."

சுத்தத் தமிழ்! முனிசாமி பெட்டியை நழுவவிடப் பார்த்தான்.

"அடி போல்ட்டை உளி வெச்சுத் தட்டிக் கழட்டியிருந்துச்சு. ஸ்பானர் புடிச்ச கை அந்த வேலையைச் செய்யாது. அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீ இல்லேன்னு."

பஸ் வந்து நின்றது. நாகையா பெட்டியை வாங்கிக்கொண்டு படியில் ஏறினார்.

"மரியாதையா 'போயண்டி'ன்னு சொல்லியிருந்தா, டின்னுலேருந்து எண்ணெ மட்டும்தானேப்பா வெளிய வந்திருக்கும்!"