கீரியார் சொன்ன பச்சிலை

அந்தக் காட்டில் கீரியாருக்கு இருந்த மவுசு சிங்கத்துக்குக்கூடக் கிடையாது. பாம்புக்கடிக்கு ஒரு பச்சிலை இருப்பதாக எப்போதோ அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார். அதிலிருந்து முயல் எழுதினாலும் ஆமை எழுதினாலும் ‘கீரியார் சொன்னதுபோல’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். புதிதாக யார் தன்னை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் கீரியாருக்குப் பொழுதே விடியாது.

ஒருநாள் அந்தச் சந்தோஷத்தில் தரையைப் பார்க்காமல் நடந்தவர், நல்லபாம்பின் வாலை மிதித்துவிட்டார். பாம்பு காலில் ஒரே போடு போட்டது.

நொண்டிக்கொண்டே, வைத்தியம் பார்க்கும் முயலின் வளைக்கு ஓடினார்.

“சீக்கிரம் மருந்து கொடுப்பா!”

“கவலையை விடுங்க ஐயா. நீங்க சொன்ன இலைதான் இருக்கே!” என்று முயல் ஒரு கட்டு இலையை நீட்டியது.

கீரியார் கட்டை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். யாரோ சொல்லக் கேட்டு எழுதியதோடு சரி, அந்த இலையை அவர் வாயில் வைத்ததே இல்லை.

“இதை யாராவது தின்னு பார்த்திருக்காங்களா?”

“ஓ! போன மழைக்காலத்துல கடிபட்டப்போ பெருச்சாளி அண்ணன் தின்னாரே.”

கீரியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அப்படியா! தின்னுட்டு என்னைப் பத்தி என்ன எழுதினார்?”

முயல் தலையைச் சொறிந்தது.

“அதுக்கப்புறம் அவர் எதுவுமே எழுதலீங்க, ஐயா.”