நிர்மலாவின் புருஷன்

நிர்மலாவை அவள் புருஷன் மறுபடியும் அடித்துவிட்டான் என்று கேட்டதும் நாகப்பன் கங்காணிக்கு ரத்தம் கொதித்தது. படுத்திருந்தவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“இப்ப எதுக்கு அடிச்சான்?”

“தேத்தண்ணியில சீனி பத்தலையாம்,” என்றாள் சாரதா.

“இவன்லாம் ஒரு மனுசனா? மாடு! என் கையில மட்டும் கெடைக்கட்டும், முட்டிக்கு முட்டி தட்டிருவேன்.”

நிர்மலா அந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் குடியிருக்கும் பெண் இல்லை. மெட்ராஸிலிருந்து வரும் மாத நாவல் ஒன்றின் கதாநாயகி.

புல்லுக்கு மருந்தடிக்கும் பம்பு முகத்துக்கு நேரே வெடித்ததில் கங்காணிக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. தோட்டத்துக்கே இருப்பது ஒரே டிவி, அதுவும் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி வீட்டில். இருந்து இவருக்கு என்ன பிரயோசனம்? பொழுது போகாமல் பெண்டாட்டியைப் பிடுங்கி எடுத்தார். அடுத்த வீட்டு இராசம்மாவிடம் நாவலை இரவல் வாங்கிவந்து, கொழுந்து பறித்துவிட்டு வந்த களைப்போடு சாரதா வாசித்துக் காட்ட ஆரம்பித்தாள்.

“காதல் கதையெல்லாம் பொட்டச்சிங்க படிக்கிறதுடீ,” என்று முதல் நாள் காறித் துப்பியவர்தான். இப்போதோ அவள் செருப்புச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். கதை சூடு பிடித்தால் தலையணையோரத்துச் சிகரெட் டின்னைத் தடவி ஒன்று எடுப்பார். அவள் பற்ற வைத்துக் கொடுக்க வேண்டும்.

“ஆனா ஒண்ணுடீ. மொதல்ல காலேஜு, மழை, ரெண்டு பேருக்கும் ஒரே கொடைன்னு தேனா போச்சு. இப்ப ஒரே அடியும் ஒதையுமா வேப்பங்காயா கசக்குது. அந்தக் காலேஜுப் பையன் எங்க போனான்? ஆளையே காணோம்?”

“இனிமே வருவானோ என்னவோ.”

“எழுதுனவனுக்குக் கிறுக்குதான். இருந்தாலும் வுட மனசு வரல. செரி, நாளைக்குத் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில கட்டுப் பிரிச்சிருவாங்க. மிச்சத்த நானே படிச்சுக்குவேன்.”

சாரதாவின் குரல் அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தடுக்கியது.

“வேணாங்க. இன்னைக்கே முடிச்சிரலாம்.”

“முடி. மொதல்ல தேத்தண்ணி குடு.”

தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே அவள் கதையைத் தொடர்ந்தாள். “‘நிர்மலா ஜன்னலோரம் நின்றாள். போகலாமா, வேண்டாமா என்று அவளுக்கு விளங்கவில்லை.’”

கங்காணி ஒரு வாய் குடித்தார். சீனி கம்மி. அவள் குரல் வந்த திசையைப் பார்த்து டம்ளரை வீசினார். கண் கட்டியிருந்த புண்ணியம், குறி தப்பிச் சுவரில் பட்டது.

“இதுல என்னாடி யோசனை? போவச் சொல்லுலா!” என்றார் அதே மூச்சில். “பொம்பள வூட்ட வுட்டு ஓடுறது எனக்குப் புடிக்காது. ஆனா அந்த நாய் கூட எவ இருப்பா? நானா இருந்தா என்னைக்கோ போயிருப்பேன்.”

சாரதா சுவரைத் துடைத்தாள். துடைத்தபடியே கேட்டாள்.

“தாலிய என்னா செய்யிறதாம்?”

“கழட்டி அவன் மூஞ்சியில எறிஞ்சிட்டுப் போவணும்!”

அவளுடைய வளையல் குலுங்கியது. அவள் வந்து அவருடைய தலையணையை உதறி, ஒழுங்காக வைத்தாள். பிறகு கதை தொடர்ந்தது.

“‘நிர்மலா தாலியைக் கழற்றி வைத்தாள். துணிப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவனோ ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.’”

“எங்க வெச்சா?”

“எழுதல.”

“அதானே முக்கியம்! அத எழுதாம வுட்டுட்டானா? சோம்பேறிப் பய.” கங்காணிக்கு நிஜமாகவே எரிச்சல் வந்துவிட்டது. “செரி, மேல படி.”

“பைப்புல தண்ணி நின்னுரும். புடிச்சிட்டு வந்துர்றேன்.”

போனாள். பைப்படியில் வாளிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ரோட்டில் கோலா தெர்லாவிலிருந்து வரும் காய்கறி லோரி ஒன்று வந்து நின்றது. உறுமியது. போய்விட்டது. கங்காணி, நிர்மலா எந்தப் பக்கம் போயிருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் காலடி கேட்டது. “யாரு?”

“நான்தாண்ணே, ராசம்மா. அக்கா ஒங்களக் கொஞ்சம் பார்த்துக்கச் சொன்னாங்க. பையோட லோரியில ஏறுனாங்களே, டவுனுக்கா?”

“சாமான் வாங்கப் போயிருப்பா. நீ வா, உக்காரு. அந்தப் புத்தகத்த எடுத்து மிச்சத்தப் படி. நிர்மலா வாசல்ல நிக்கிறா.”

இராசம்மா திருதிருவென்று விழித்தாள். “அந்தப் புத்தகமா? அத அக்கா போன வாரமே எங்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டாங்களே.”

“போன வாரமா? அப்ப நிர்மலா புருஷன்…?”

“புருஷனா? அந்தப் பொண்ணுக்குக் கதையில கல்யாணமே ஆவலையேண்ணே. கடைசிப் பக்கத்துலதான் அந்தக் காலேஜுப் பையன் வந்து பொண்ணு கேக்கறான்.”

கங்காணியின் கை பழக்கத்தில் தலையணையோரம் போய்ச் சிகரெட் டின்னைத் தடவி எடுத்துத் திறந்தது. உள்ளே விரலில் பட்டது சிகரெட் இல்லை.

“இது என்னா ராசம்மா, கயிறு மாதிரி?”

இராசம்மா குனிந்து பார்த்தாள்.

“தாலிண்ணே. அக்காவோடது.”