பச்சை மாறாத தண்ணீர்

சிவக்கக் கூடாது, சிவக்கவே கூடாது. விசாலாட்சி வேண்டாத தெய்வமில்லை.

கெமிஸ்ட் பக்தவத்சலம் அவள் கொடுத்த பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றினார். பச்சை மருந்தை விட்டுக் குலுக்கினார். பச்சை சிவப்பாக மாறினால் தண்ணீரில் ஈயம் இருக்கிறது என்று அர்த்தம்.

லம்பா லைன் தெருவே, முனையில் போட்டிருந்த அவர் மேசையைச் சுற்றி நின்றது. அவரவர் வீட்டில் குடிக்கிற தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

எல்லாம் பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவியின் மகள் லத்தீபாவுக்காக. குழந்தைக்கு ஓயாத வயிற்றுவலி. ஈறில் நீல நிறக் கோடு ஓடியிருப்பதைப் பார்த்ததும், உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது, தண்ணீரைப் பாருங்கள் என்றுவிட்டார் டாக்டர்.

ஈயம் என்றதுமே விசாலாட்சியின் கண் தன் வீட்டுக் கூரைக்குத்தான் போனது.

அவள் வீட்டுக்காரன் ஜம்புலிங்கம் கப்பல் பட்டறையில் பெயின்டர். போன மழைக்கு முன்னால், கப்பலுக்கு அடிக்கிற சிவப்பு ஈயப் பெயின்டை யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து தகரக் கூரை முழுக்கப் பூசினான். விமானத்திலிருந்து பார்த்தாலே நம்ம வீடுதான் தெரியும் என்று பீற்றல் வேறு.

அந்தக் கூரையில் வழிந்த மழைதான் வாசல் டிரம்மில் நிற்கிறது. தெருக்குழாய் வறண்டால் ரம்ஜான் பீவி குடத்தோடு வருவதும் அந்த டிரம்முக்குத்தான்.

சிவந்தால் கூரையைப் பார்ப்பார்கள். பெயின்ட் ஏது என்று கேட்பார்கள். வேலை போய்விடும், அடுத்த கப்பலுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். தீவுக்கு வந்த பிறகுதான் அந்தக் குடும்பம் மாதச் சம்பளம் என்ற ஒன்றையே கண்டது. மெயின்லேண்டில் அவர்களுக்கு ஒரு மண்ணும் இல்லை.

பச்சை, பச்சையாகவே நின்றது.

"ஏக்தம் சாஃப்! சுத்தமான தண்ணி. இனிமே அந்தப் பாப்பாவுக்கு இவங்க வீட்டு டிரம் தண்ணியே தைரியமா குடுங்கம்மா" என்றார் கெமிஸ்ட்.

ரம்ஜான் பீவி விசாலாட்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு குடம் எடுக்க ஓடினாள்.

விசாலாட்சிக்குப் போன உயிர் திரும்பியிருக்க வேண்டும். அவளோ டிரம்மை நோக்கி ஓடினாள்.

வாசலுக்கு வந்த ரம்ஜான் பீவியிடமிருந்து குடத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி, டிரம்மில் அவளே மொண்டு நிரப்பினாள். இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். வீடுவரை கொண்டுவந்து தருகிறாளே, எப்பேர்ப்பட்ட மனசு என்று உருகியபடி ரம்ஜான் பீவி பின்னாலேயே வந்தாள்.

லத்தீபா வாசற்படியில் தம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். குடத்தைக் கண்டதும் தம்ளரை நீட்டினாள்.

விசாலாட்சி நிற்கவில்லை. அந்த வாசலைத் தாண்டிப் போனாள்.

கெமிஸ்ட் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் மேசைமேல் குடத்தை ணங்கென்று வைத்தாள்.

"சார், இதையும் பாருங்க. இதுதான் எங்க டிரம் தண்ணி. காலையில நான் கொண்டாந்தது கிணத்துத் தண்ணிங்க."