லெட்சுமியக்காவின் கைராசி

"ஒன் காசு வேணாம்க்கா. எடுத்துட்டுப் போ."

அத்தனை பேர் முன்னால அழகுமுத்து இப்படிச் சொன்னதும் லெட்சுமியக்கா முகம் சுருங்கிப் போச்சு.

"சொந்த அக்கா காச வேணாங்குறான் பாரு, இவனெல்லாம் ஒரு தம்பி!" தனுஜா என் காதுல பொருமினா. எனக்கும் பத்திக்கிட்டுதான் வந்துச்சு. ஆனா விடிஞ்சதுலேருந்து மழையில தேயிலக் கொழுந்து பறிச்ச ஒடம்பு. கோவப்படக்கூட தெம்பில்ல.

எங்க தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்து கொழும்புக்குப் போனவன் அழகுமுத்து. இப்ப கால்ல பளபளன்னு சப்பாத்து மாட்டிக்கிட்டு வந்து, நாங்க வேலை விட்டு வந்த கையோட, பகல்ல எங்க புள்ளைகள விட்டுட்டுப் போற புள்ளக்காம்பராவுல எங்கள ஒக்கார வச்சிருந்தான்.

"எங்க கம்பனியில காசு போட்டா ஆறே மாசத்துல ரெட்டிப்பு. பேங்க்ல போட்டா வட்டி பாண் வாங்கக்கூடக் காணாது!"

பேரெல்லாம் எழுதியாச்சு, எல்லார் மடியிலயும் காசும் இருந்துச்சு. ஆனா குடுக்க ஒருத்தரும் எழுந்திரிக்கல. சீட்டுக் கட்டுனாலும் சரி, மாடு வாங்குனாலும் சரி, எங்க லயத்துல மொதல்ல லெட்சுமியக்கா கைதான் நீளணும். அவங்க கைராசி அப்படி. தம்பி கம்பனின்னா கேக்கணுமா? வேலைய விட்டு நின்னப்ப கெடச்ச ஈ.பி.எப். காசு அத்தனையையும் பேங்க்ல இருந்து வழிச்சுத் தொடச்சு எடுத்துட்டு வந்துட்டாங்க. அத விட்டா அவங்களுக்குன்னு வேற எதுவும் கெடையாது.

"நான் குடுத்தாத்தானேடா இவங்களும் குடுப்பாங்க?"

"வயசானவங்கள கம்பனி சேக்காதுக்கா."

"என்னய விட மூத்தவரு மூக்கன் மாமா. அவரு பேர எழுதிக்கிட்டியே?"

"அது... அது வேற."

"அப்ப என் மக நிஷாந்தி பேர்ல எழுதிக்க."

"அவ பேரும் வேணாம்."

"பாதியாவது எடுத்துக்கடா. நல்லா வந்தா கூரைத் தகரத்த மாத்திக்குவேன்."

"ஒரு ரூவாகூட வேணாங்குறேன்ல! கொண்டுபோயி பேங்க்லயே போடு!"

கத்தியே விட்டான். தனுஜாவுக்குப் பொறுக்கல, எழுந்துட்டா.

"ஏன்டா, வசதி வந்ததும் அக்கா காசு நாறுதோ? ஆத்தா இல்லாத ஒன்னய இடுப்புல தூக்கி வளத்ததே அவங்கதான்டா!"

அவன் தலை தொங்கிப் போச்சு. கண்ணு கலங்கிருச்சு.

"அதனாலதான் வேணாங்குறேன். எனக்குச் சோறு ஊட்டுன கை அது. அந்தக் கையில இருந்து இந்தக் காச வாங்குனா நான் மனுசனே இல்ல."

எங்களுக்கு மனசு எளகிப் போச்சு. ச்சே, பாசக்காரப் பயலப் போயித் திட்டிட்டோமேன்னு தனுஜாகூட கண்ணத் தொடச்சுக்கிட்டா.

"அட விடுங்கப்பா, அக்காவுக்குப் பதிலா நான் தொடங்கி வக்கிறேன்." மூக்கன் மாமா மடியவிழ்த்து, சுருட்டி வச்சிருந்த நோட்ட நீட்டுனாரு. அழகுமுத்து கண்ணத் தொடச்சுக்கிட்டே கைய நீட்டுனான்.

லெட்சுமியக்கா நடுவுல புகுந்து மாமா கையப் பிடிச்சுக்கிட்டாங்க. ரொம்ப நேரம் தம்பியையே பாத்தாங்க. அவன் நிமிந்து பாக்கவே இல்ல.

சத்தம் போடல அவங்க. நாள் பூரா மலை ஏறி எறங்குனவங்க குரல் மாதிரி ஓஞ்சு போயிதான் கேட்டாங்க.

"என்கிட்ட வாங்க மனசு வராத காச, இவங்ககிட்ட மட்டும் எப்படிடா வாங்குற?"