இரண்டு சொட்டு பால்

நெல் கிடங்கில் எலித் தொல்லை தாங்கவில்லை. பூனை ஒன்று வேலை கேட்டு வந்தது. கிடங்கு மேனேஜர் ஆடு, தாடியை ஆட்டிக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டது.

"பழைய இடத்துல என்னம்மா குடுத்தாங்க?"

பூனைக்குப் பொய் வராது. வீட்டில் குட்டிகள் வேறு பசியோடு காத்திருந்தன. "டீக்கடை சார். தினமும் ஒரு கொட்டாங்கச்சி பால்."

"அப்போ இங்க அதுக்கு மேல ரெண்டு சொட்டு சேர்த்துத் தர்றேன். சந்தோஷமா?"

"சார், டீக்கடையில இருந்தது ஒரே ஒரு எலி. இங்க எத்தனை?"

"அதெல்லாம் சேர்ந்த பிறகு நீயே தெரிஞ்சுக்குவே."

பூனை கொஞ்சம் யோசித்தது. "சரி சார். எனக்கு முன்னால இங்க வேலை பார்த்த பூனைக்கு என்ன குடுத்தீங்க?"

ஆட்டின் முகம் சுருங்கிவிட்டது. "அடுத்தவங்க சம்பளத்தை வெளியில சொல்றது இங்க வழக்கமில்லம்மா. அது மரியாதையும் இல்ல."

மூட்டை மேல் மல்லாந்து படுத்திருந்த கொழுத்த எலி ஒன்று தலையைத் தூக்கியது.

"சொன்னாத்தான் என்ன சார்? அந்தம்மாவுக்கும் பழைய சம்பளத்துக்கு மேல ரெண்டு சொட்டுதான். பாவம், எங்களைத் துரத்தத் தெம்பில்லாம ஒரு வாரத்துல போயிட்டாங்க. உங்க புண்ணியத்துல நாங்கதான் இங்க பெர்மனென்ட்."